ரேடியோவின் பக்கத்து சீட்

வீடு மாற்றுகிறவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். பெயர்தான் யாருக்கும் தெரியாது. ஃபோன் எடுத்ததும் "ரேடியோ வண்டிங்களா?" என்பார்கள். அவரும் "ஆமாங்க, ரேடியோதான் பேசுறேன்" என்பார். வேடிக்கை என்னவென்றால் அந்த பிக்கப்பில் ரேடியோ கிடையாது. வாங்கிய சில நாளிலேயே அதைக் கழற்றிவிட்டு, அந்தப் பொந்தில் டீ ஃபிளாஸ்க்கைச் செருகிக்கொண்டார். தான் ஒருவன் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று நினைத்திருக்கலாம். எஞ்சின் பிடித்ததும் வாயும் பிடித்துக்கொள்ளும். எஞ்சினை அணைத்தாலும் வாய் உடனே அணைந்துவிடும் என்று சொல்ல முடியாது.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். கல்யாணம் கூடிக் கூடி வந்து, ஒவ்வொரு முறையும் கலைந்துபோனது. ஃபோட்டோகாப்பி கடை ஒன்றின் மாடியில் ஒற்றை அறை. அறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவர் உட்காருவார், இன்னொன்றில் துவைத்த துணி உட்கார்ந்திருக்கும். துணியை எடுத்து மடித்து வைத்தால் அந்த நாற்காலி காலியாகத் தெரியும் என்பதால் மடிப்பதே இல்லை. வெளியூரில் ஓர் அக்கா இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பேசுவார். அக்கா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காய் நறுக்க ஆரம்பித்துவிடுவாள். கத்தி பலகையில் படும் சத்தம் இவருக்கும் கேட்கும். கேட்டாலும் நிறுத்தமாட்டார்.

இப்படிப்பட்ட ஆளுக்கு வீடு மாற்றும் தொழில் அமைந்தது ஒரு வகையில் கொடுமை. தினமும் அடுத்தவர் குடும்பத்தைக் கட்டில் மெத்தையோடு தூக்கி ஏற்றி, இன்னொரு வீட்டில் இறக்கி, "ஃபிரிட்ஜை இன்னைக்குப் போடாதீங்க, நாளைக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வரவேண்டும். அவர் இறக்கி வைத்த வீடுகளில் எதிலும் அவர் திரும்பப் போய் உட்கார்ந்ததில்லை. யாரும் கூப்பிட்டதுமில்லை. சாமான் கொண்டுவந்தவரை யார் விருந்துக்குக் கூப்பிடுகிறார்கள்?

அதனால்தான் தச்சர் அவருக்கு அவ்வளவு முக்கியம். கட்டிலையும் அலமாரியையும் பிரித்துப் போன இடத்தில் பூட்டித் தருகிற வேலை தச்சருடையது. ரேடியோவைவிடப் பத்து வயதாவது இளையவர். கழற்றிய ஸ்குரூக்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை அதே கட்டிலின் காலிலேயே கட்டிவிடுவார். அவர் கையில் ஸ்குரூ தொலைந்ததாக வரலாறு இல்லை. அதிகம் பேசமாட்டார். பேச்சுக்காரருக்குப் பேசாத ஆள் கிடைத்தால் வேறென்ன வேண்டும்? பல வருஷமாக இருவரும் ஒரே கேபினில்தான் போய் வந்தார்கள். நிலைக்கண்ணாடிகளைப் பின்னால் ஏற்றினால் உடையும் என்று தச்சர் தன் முழங்காலுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொள்வார். ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுப்பார். ரேடியோவின் வாழ்க்கையில் குடும்பம் என்று ஏதாவது இருந்தது என்றால் அந்தக் கேபின்தான்.

பழைய பிக்கப்பை விற்றுவிட்டு இந்தப் புதியதை வாங்கியபோது தச்சரைத்தான் முதலில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டினார். எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒரு வருஷம் ஆனதும் வண்டி லேசாகக் குரல் மாறியது. காலையில் கிளப்பும்போது கீழே எங்கோ 'டிக் டிக்' என்று தட்டும். மேடு ஏறும்போது மூச்சு வாங்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சைலன்சருக்கு முன்னாலேயே ஏதோ இரைகிற மாதிரி இருக்கும். ரேடியோ அதற்குச் செய்த ஒரே வைத்தியம், தன் குரலை உயர்த்தியதுதான். வண்டி கத்தக் கத்த இவரும் கத்தினார்.

பிறகு ஒரு நாள் காலை, சாமான் ஏற்றி முடித்துத் தார்ப்பாய் கட்டியதும், தச்சர் கேபின் பக்கம் வராமல் தன் பைக் பக்கம் போனார்.

"நான் பைக்லயே பின்னாடி வந்துடறேன் அண்ணே. அப்படியே வீட்டுக்குப் போக சௌகரியமா இருக்கும்."

"அதுக்கென்ன தம்பி, வா வா" என்றார் ரேடியோ. அதில் நினைக்க ஒன்றும் இல்லை. அடுத்த நாளும் பைக். அதற்கடுத்த நாளும். ஒரு வாரம் போனபோதுதான் இவருக்கு உறைத்தது. அன்றைக்கு ஏற்றிய நிலைக்கண்ணாடியைப் பக்கத்து சீட்டில் நிறுத்தி, சாயாமல் இருக்க சீட் பெல்ட் போட்டுவிட்டார். வழி முழுக்க, திரும்பிப் பார்த்தபோதெல்லாம் தன் முகமே தெரிந்தது. பேசிப் பார்த்தார். தன் வாய் அசைவதைத் தானே பார்த்துக்கொண்டு பேசுவது அவருக்குக்கூடப் பிடிக்கவில்லை.

என்ன தப்பு செய்தோம் என்று தலையைப் பிய்த்துக்கொண்டார். தச்சரின் மாமியாரைப் பற்றி அடித்த ஜோக்கா? பழைய வண்டியின் ஸ்பீக்கரைத் தச்சர் கேட்டும் வேறு ஒருவருக்குக் கொடுத்ததா? நேரில் கேட்க வாய் வரவில்லை. உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் பேசுகிற வாய்க்கு இந்த ஒரு கேள்வி மட்டும் வரவில்லை. "ஏன் என்கூட வர மாட்டேங்கிறே?" என்று கேட்டு, தச்சர் உண்மையைச் சொல்லிவிட்டால்? இருக்கிற ஒரே ஆளும் இல்லை என்று ஆகிவிடுமே. அந்தப் பயம் அவரை விட்டு இறங்கவே இல்லை.

கடைசியில் அவருக்கு ஒரு சந்தேகம் பிறந்தது. சில வருஷத்துக்கு முன் ஒரு மோசமான காய்ச்சல் வந்து, போகும்போது அவருடைய மோப்ப சக்தியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மல்லிகைக்கும் மண்ணெண்ணெய்க்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. "குப்பை லாரிக்குப் பின்னாடி நின்னு நிம்மதியா சாப்பிடுற ஒரே ஆளு நான்தான்" என்று அதையும் கதையாக்கி ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். இப்போது அந்தக் கதை அவரையே திரும்பிப் பார்த்தது. தன் மேலேயே நாற்றம் அடிக்கிறதோ? அடித்தால் தனக்கு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடமே கேட்டுவிட்டார். "அக்கா, என் மேல வாடை ஏதாவது அடிக்குதா?"

கத்திச் சத்தம் நின்றது. "ஃபோன்ல எப்படிடா எனக்குத் தெரியும்?"

அவள் சொன்னதும் நியாயம்தான். இரண்டு வேளை குளித்தார். சோப்பை மாற்றினார். சட்டையைத் தினமும் துவைத்தார். வாசனை டப்பா ஒன்று வாங்கிக் கேபினில் தொங்கவிட்டார். என்ன வாசனை என்று கடைக்காரரைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். கட்டிலின் தலைமாட்டைத் தூக்கும்போது எதிரே நிற்கும் தச்சரின் மூக்கையே பார்த்தார். மூக்கு சும்மாதான் இருந்தது. ஆனாலும் வேலை முடிந்ததும் தச்சர் பைக்கைத்தான் உதைத்தார்.

இதற்கிடையில் உடம்பும் படுத்த ஆரம்பித்தது. மத்தியானம் ஆனால் தலை கனக்கும், வண்டி ஓட்டும்போதே கண் சொக்கும். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கண்ணைச் சோதித்துப் பார்த்து ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டார். தலை அப்படியே கனத்தது, இப்போது கண்ணாடியோடு. மனக்கஷ்டம்தான் உடம்புக்கு இறங்குகிறது என்று ரேடியோ முடிவு கட்டினார். நியாயமாக அவர் டாக்டரிடம் போயிருக்க வேண்டும். டாக்டர் பேசவிடமாட்டார் என்று போகவில்லை.

வண்டிக் கம்பெனியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது அந்தச் சமயத்தில்தான். ஏதோ விற்கப் பார்க்கிறார்கள் என்று அழித்துவிட்டார். இன்னொன்றும் வந்தது, அதையும் அழித்தார். கடைசியில் ஒரு பெண் ஃபோனிலேயே கூப்பிட்டாள்.

"சார், உங்க மாடல் வண்டிகளை ரீகால் பண்றோம். நிறைய ஓனர்ங்க கம்ப்ளெயின்ட் பண்ணியிருக்காங்க. புகைக்குழாய்ல ஒரு பாகத்தை இலவசமா மாத்தித் தர்றோம்."

"என் வண்டி நல்லாத்தாம்மா ஓடுது."

"கேபினுக்குள்ள புகை வாசம் வருதா சார்?"

"எனக்கு எந்த வாசமும் வராதும்மா" என்றவர் காய்ச்சல் கதையை ஆரம்பித்தார். குப்பை லாரி வரை போனார். அந்தப் பெண் நல்ல பெண். இடையில் இவர் மூச்சு விட்ட நேரம் பார்த்து ஒரு தேதியைச் சொல்லி, சர்வீஸ் சென்டரின் வழியையும் சொல்லி, நன்றி சொல்லி வைத்துவிட்டாள். ரேடியோவுக்கு அன்று முழுக்கச் சந்தோஷம். எவ்வளவு நாள் கழித்து ஒருவர் இவ்வளவு நேரம் கேட்டிருக்கிறார்!

சர்வீஸ் சென்டரின் காத்திருக்கும் அறை அவருக்குத் திருவிழாக் கூட்டம் மாதிரிதான் இருந்தது. எல்லோரும் அதே மாடல் பிக்கப்காரர்கள். எல்லோருக்கும் ஒரே புலம்பல். தண்ணீர் கேன் போடுகிற அம்மா, தனக்கு ஒற்றைத் தலைவலி என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியிருக்கிறார். ஒரு கோழிப்பண்ணைக்காரர் தூக்கம் சரியில்லை என்று தலையணையை மாற்றி, மெத்தையை மாற்றி, கடைசியில் படுக்கும் திசையையே மாற்றியிருக்கிறார். "மேட்டுல பளு இழுக்கவே மாட்டேங்குது, எஞ்சினையே பிரிச்சுப் போட்டான் எங்க மெக்கானிக்கு" என்றார் இன்னொருவர். ரேடியோ எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து தன் கண்ணாடிக் கடை அனுபவத்தை அளந்துகொண்டிருந்தார்.

மூலையில் முட்டை சப்ளை செய்கிறவர் ஒருவர் இருந்தார். பொதுவாகத்தான் சொன்னார். "என் பொண்டாட்டி இந்த வண்டில ஏறவே மாட்டேன்னுட்டா. புகை நாத்தம் குடலைப் பிடுங்குதாம். நான் வண்டில போறேன், அவ பின்னாடியே பஸ்ல வர்றா."

ரேடியோ பாதி வாக்கியத்தில் நின்றுபோனார். வாய் திறந்தபடியே இருந்தது. எழுந்து நேரே வேலை நடக்கிற இடத்துக்குப் போனார். இன்னும் உங்கள் முறை வரவில்லை என்று தடுத்தவரையும் தள்ளிக்கொண்டு போய், அங்கே இருந்த மெக்கானிக் பெண்ணைக் கூப்பிட்டார்.

"அம்மா, ஒரு நிமிஷம் என் வண்டில உக்காந்து பாரும்மா. நாத்தம் அடிக்குதான்னு மட்டும் சொல்லு."

அவள் ஏறி, எஞ்சினைப் போட்டு, ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள். சீட்டில் வைத்த, புகையை அளக்கிற சின்னக் கருவி கொஞ்ச நேரத்தில் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அவள் இருமிக்கொண்டே இறங்கினாள்.

"எப்படி சார் இதுல ஓட்டினீங்க? எஞ்சின்லேர்ந்து சைலன்சருக்குப் போற குழாய்ல மடிப்பு மடிப்பா ஒரு துண்டு இருக்கும், அது வெடிச்சிருக்கு. கியருக்குக் கீழ இருக்கிற ரப்பர் மூடியும் சரியா உக்காரல. புகை மொத்தமும் உள்ளதான் வருது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ஸ்டியரிங் மேலயே தூங்கிப் போயிருப்பீங்க. அப்புறம் எழுந்திருக்கவே மாட்டீங்க."

"அப்ப நான் இல்லையா?" என்றார் ரேடியோ.

"என்ன சார்?"

"நாத்தம் வண்டிதானா? நான் இல்லையா?"

செத்துப் பிழைத்த மனிதர் இப்படிச் சிரித்து அவள் பார்த்திருக்கமாட்டாள். மற்றவர்கள் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தபோது, இவர் மட்டும் ஓட்டை விழுந்த குழாயைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். அத்தனை ராத்திரியும் தன் குற்றம் என்ன என்று புரண்டு படுத்ததற்கெல்லாம் இந்தத் துண்டுக் குழாய்தான் காரணம். பாவம், அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

குழாயை மாற்றி, ரப்பரை மாற்றி, வண்டி கைக்கு வந்ததும் நேரே தச்சரின் பட்டறைக்கு விட்டார். கடைகளுக்குப் பின்னால் தகரம் வேய்ந்த இடம் அது. தச்சர் ஒரு கதவை இழைத்துக்கொண்டிருந்தார். தரையெல்லாம் மரச்சுருள். ரேடியோ வாசலிலிருந்தே ஆரம்பித்துவிட்டார். ரீகால், முட்டைக்காரர் பெண்டாட்டி, கீச்சென்று கத்திய கருவி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டி முடித்து, "புகைதானே தம்பி? அதனாலதானே என்கூட ஏறல? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார்.

தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்தார்.

"சொன்னேனே அண்ணே."

"எப்ப?"

"எத்தனையோ தடவை. உங்களுக்கு மூக்கு வேலை செய்யாதுன்னு எனக்குத் தெரியாதா? அதனாலதான் சொன்னேன். புகை உள்ள வருது, வண்டியைக் காட்டுங்கன்னேன். நீங்க உங்க பழைய முதலாளி லாரியில தீப்பிடிச்ச கதையைச் சொன்னீங்க. தலை வலிக்குதுன்னேன். உங்க சித்தப்பாவுக்குத் தலைவலி எப்படிப் போச்சுன்னு சொன்னீங்க. ஒரு நாள் இறங்கி ரோட்டோரமா வாந்தி எடுத்தேன். அப்பக்கூட ஜன்னல் வழியா கதையை முடிச்சிட்டுதான் தண்ணி குடுத்தீங்க. சரி, இது ஆகாதுன்னு பைக்குக்கு மாறினேன். அப்புறமும் தினம் உங்க பக்கத்து ஜன்னல் கண்ணாடியை இறக்கி வெச்சுட்டுத்தான் போவேன், காத்தாவது வரட்டும்னு."

அந்தக் கண்ணாடியைத் தினமும் தூசு வருகிறது என்று ஏற்றி மூடியவர் ரேடியோதான். சித்தப்பா கதை நினைவு வந்தது. சொன்னதும் நினைவு வந்தது. எதற்காகச் சொன்னோம் என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. அங்கே கிடந்த ஒரு பலகையின் மேல் உட்கார்ந்தார்.

"வேற என்ன தம்பி சொன்னே? நான் கேக்காதது?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு அண்ணே."

"சொல்லு."

தச்சர் கதவின் மேல் ஒட்டியிருந்த தூளை ஊதினார். வேண்டாவெறுப்பாகத்தான் சொன்னார்.

"என் பொண்ணு நாலு வயசு வரைக்கும் பேசலையே, தெரியும்ல. எந்தெந்த டாக்டர்கிட்டயோ தூக்கிட்டு ஓடினோம். ஒரு நாள் காலைல நான் கிளம்புறப்ப, பின்னாடியே வந்து 'அப்பா'ன்னா. தெளிவா. நான் வண்டில ஏறினதும் உங்ககிட்டதான் முதல்ல சொன்னேன். எங்க அம்மாகிட்டகூடச் சொல்லல, உங்ககிட்டதான். நீங்க டயர் வாங்கப் போன கதையில இருந்தீங்க. 'ம், ம்'னீங்க. அப்புறம் டயரைச் சொன்னீங்க."

புகைக்குழாயில் இருந்த ஓட்டையை இலவசமாக அடைத்துத் தந்தார்கள். இந்த ஓட்டையை எந்தக் கம்பெனி அடைத்துத் தரும்? ரேடியோவுக்கு மன்னிப்புக் கேட்கக்கூட வெட்கமாக இருந்தது. கேட்டால் அதுவும் ஒரு கதையாக நீண்டுவிடும் என்று பயந்தார்.

"வண்டி சரியாயிடுச்சு தம்பி. நாளைக்கு ஏறுறியா?"

தச்சர் யோசித்தார். மனுஷர் பொய் சொல்லத் தெரியாதவர். "பைக்கே பழகிடுச்சு அண்ணே. வழியில கொஞ்சம் அமைதியா இருக்கு. வேலைக்கு வந்துடறேன், அதுல ஒண்ணும் இல்ல."

"சரி தம்பி."

மிச்சம் வரும் என்று தச்சர் காத்திருந்தார். வரவில்லை. ரேடியோ எழுந்து, சட்டையில் ஒட்டிய மரச்சுருளைத் தட்டிவிட்டு, வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலை, இரண்டாவது மாடியில் ஒரு வீடு. மரக்கட்டில், பெரிய கட்டில், திருப்பம் குறுகலான படி. தச்சர் ஸ்குரூக்களைக் கழற்றிப் பையில் போட்டுக் கட்டினார். இருவரும் தலைமாட்டை ஆளுக்கொரு முனையில் பிடித்துப் படியில் இறங்கினார்கள். ரேடியோ வாயைத் திறக்கவே இல்லை. முதல் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது, "பொண்ணு இப்ப நல்லா பேசுறாளா?" என்று மட்டும் கேட்டார்.

தச்சர் இந்தப் பக்கம் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். நிஜமாகத்தான் கேட்கிறாரா என்று பார்த்திருக்கவேண்டும். பிறகு மெதுவாகச் சொன்னார். "பேசுறா அண்ணே. 'ர' தான் இன்னும் வரல. ரயில்ங்கிறதை லயில்ங்கிறா. நேத்து முழுக்க வீட்டுக்குள்ள லயில் ஓட்டினா. எங்க அம்மாதான் கடைசிப் பெட்டி."

ரேடியோவுக்கு உடனே ஒரு கதை வந்தது. ரயிலைப் பற்றி. சின்ன வயதில் அக்காவும் அவரும் வீட்டுக்குள் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ரயில் ஓட்டியது, அப்பா வந்து டிக்கெட் கேட்டது. நல்ல கதை. யாரிடமும் இதுவரை சொல்லாத கதை. நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. உதட்டை இறுக்கிக்கொண்டு அதை உள்ளே தள்ளினார்.

"அப்புறம்?" என்றார்.

தச்சர் இன்னும் கொஞ்சம் சொன்னார். கீழே போய்ச் சேரும்வரை சொன்னார். அவர் இவ்வளவு பேசி ரேடியோ கேட்டதில்லை. இத்தனை வருஷத்தில் அந்தக் குரல் கொஞ்சம் கரகரப்பானது என்பதுகூட அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாமான் எல்லாம் ஏறியது. தார்ப்பாய் கட்டியானது. தச்சர் பைக்கை உதைத்துப் பின்னால் நின்றார். ரேடியோ வண்டியில் ஏறி, கதவைச் சாத்தி, எஞ்சினைப் போட்டார். புதுக்குழாய், சத்தமே இல்லை. தெருமுனை திரும்பிய பிறகு, பக்கத்து சீட்டில் யாரும் இல்லாத அந்தக் கேபினுக்குள், ரயில் கதையை ஆரம்பித்தார். நாற்காலிகளில் தொடங்கி, அப்பா டிக்கெட் கேட்டது வரைக்கும், ஒன்று விடாமல், சின்னக் குரலில் சொல்லி முடித்தார்.